ஐந்து நாள் முகாமா, சனிக்கிழமை வகுப்பா, நாமே எடுக்கும் வீடா?

"வரையணும், கொஞ்சம் ஆடணும், கூட நாலு பேர் வேணும். பரிசு, மேடை, மார்க் எதுவும் வேண்டாம். எங்கே போகலாம்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பலர் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். பள்ளியில் ஓவியப் போட்டிக்குப் பேர் கொடுத்து, ஆறுதல் பரிசு வாங்கி, அத்தோடு பிரஷ்ஷைக் கீழே வைத்தவர்கள். அல்லது அரங்கேற்றம் வரை ஓடி ஓடிப் பரதம் கற்று, அது முடிந்த மறுநாளிலிருந்து சலங்கையைத் தொடாதவர்கள். திறமையைக் காட்டும் ஆசை இவர்களுக்கு இப்போது இல்லை. யாரும் எடை போடாத ஓர் இடத்தில் கையும் காலும் அசைய வேண்டும், பக்கத்தில் மனிதர்கள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வழிகள் மூன்று. நாலைந்து நாள் தங்கும் முகாமுக்குப் போவது ஒன்று. ஊரிலேயே வாரம் ஒருமுறை கூடும் வகுப்பில் சேர்வது இன்னொன்று. தோழிகளோ நண்பர்களோ சேர்ந்து ஒரு வீடெடுத்து நாமே நடத்திக்கொள்வது மூன்றாவது. வெளிநாட்டுக்குப் போவதைச் சிலர் கேட்கிறார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. விசா, விமானச் செலவு எல்லாம் போட்டுப் போகும்போது "இவ்வளவு செலவழித்தோமே, ஏதாவது கிடைத்தாக வேண்டும்" என்ற பதற்றமும் கூடவே வரும். இந்த வேலைக்கு அதுதான் ஆகாது.

## முதலில், எதை வைத்துப் பார்ப்பது

படத்தை யார் பார்ப்பார்கள்? நான் முதலில் கேட்பது இதைத்தான். இடம் அழகா, சாப்பாடு நன்றாக இருக்குமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஆர்னோ ஸ்டெர்ன் என்பவர் 1946-ல் பாரிஸுக்கு அருகே, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. வண்ணத்தையும் தாளையும் கொடுத்தார். பிறகு பாரிஸில் அவர் பல பத்தாண்டுகள் நடத்திய ஓவிய அறை அங்கிருந்து வளர்ந்ததுதான். ஜன்னல் இல்லாத அறை. தாள் சுவரில் குத்தியிருக்கும். நடுவில் 18 வண்ணங்கள் வைத்த ஒரு மேசை, எல்லாருக்கும் பொது. சின்னவர், பெரியவர் எல்லாரும் ஒன்றாக நின்று தீட்டுவார்கள். யார் படத்தைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. படம் கண்காட்சிக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. ஸ்டெர்ன் 2024-ல் காலமானார். அந்த முறையில் நடக்கும் அறைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன.

திட்டக் கூடாது என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஸ்டெர்ன் பாராட்டையும் தடுத்தார். "ஐயோ, இந்த நீலம் எவ்வளவு நல்லா இருக்கு!" என்று ஒருவரிடம் சொன்னதும் அவர் அடுத்த தாளிலும் அதே நீலத்தை எடுக்கிறார். பக்கத்தில் நிற்பவர் தன் படத்தைப் பார்த்துக்கொள்கிறார், "எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று. போட்டி அந்த நொடியிலேயே தொடங்கிவிட்டது. பரிசுக் கோப்பை இல்லாததால் மட்டும் ஒரு முகாம் போட்டியில்லாததாக ஆகிவிடாது.

எத்தனை மணி நேரம் சேர்ந்து இருப்போம்? நட்பு வேண்டும் என்றால் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து இதை ஆராய்ந்தார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கும் மேல் ஆகிறது என்பது 2018-ல் வெளிவந்த அவருடைய கணக்கு. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. சும்மா பேசிச் சிரித்து, சேர்ந்து சாப்பிட்டுக் கழிக்கும் நேரத்துக்குத்தான் மதிப்பு.

ஆட்டமும் வரைவதும் கலந்திருக்கின்றனவா? காலையில் ஒரு மணி நேரம் யோகா, மாலையில் ஒரு வாட்டர்கலர் வகுப்பு என்று அடுத்தடுத்து வைப்பதைக் கலப்பு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அன்னா ஹால்ப்ரின் (1920–2021) என்ற அமெரிக்க நடனக் கலைஞர், கலிஃபோர்னியாவில் தன் வீட்டுக்குக் கீழே மரங்களுக்கு நடுவில் போட்ட மரத் தளத்தில் பல ஆண்டுகள் இதைத்தான் செய்துபார்த்தார். 1978-ல் மகள் டாரியாவோடு சேர்ந்து தமால்பா என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். முதலில் அசைவு. அசைந்தபோது உள்ளே என்ன எழுந்ததோ அதைத் தாளில் வரைவது. அந்தப் படத்தைப் பார்த்து மறுபடி ஆடுவது. பிறகு கூட்டாளியிடம் பேசுவது. "எனக்கு வரையவே வராது" என்பவரை நேராகத் தாள் முன் உட்காரவைத்தால் கை நடுங்கும். இருபது நிமிடம் தோளையும் முதுகையும் அசைத்த பிறகு அதே ஆள் கரித்துண்டை முழுக்கையாலும் இழுப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு, பணம், திரும்பி வந்த பிறகு. முட்டி தாங்குமா, தொடுதல் பற்றி என்ன விதி, சொல்லப்படாத செலவு எது, வீடு திரும்பிய அடுத்த மாதம் என்ன மிஞ்சும் என்ற இந்த நான்கையும் ஒவ்வொரு வழியிலும் பார்ப்போம்.

## தங்கும் முகாம்

தமிழ்நாட்டில் இப்படி ஒரு முகாம் என்றதும் பலர் சொல்வது ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஊர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் மூன்று மணி நேரம். ஓவியம், நடனம், மூச்சு, ஒலி என்று அங்கே விதவிதமான பயிலரங்குகள் நடக்கின்றன. நடத்துபவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். யார் நடத்துகிறார் என்று பாருங்கள்.

அந்தப் பக்கத்திலேயே ஆதிசக்தி இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி, பிற்பாடு 1993-ல் புதுச்சேரிப் பக்கம் கொண்டுவந்த நாடகக் குழு. அவர்களுடைய தங்கும் பயிலரங்குக்கு நல்ல பேர் உண்டு. ஆனால் அது மூச்சையும் உடம்பையும் கடுமையாகப் பழக்கும் இடம். கேரளத்தின் கூடியாட்டம் என்ற நாடகமும் களரி என்ற சண்டைக் கலையும் அதன் வேர். நடிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். ஓய்வாக வரைந்து ஆடிப் பழக வந்தவர் அங்கே போனால் இரண்டாம் நாளே திணறிவிடுவார். குறை அந்த இடத்தில் இல்லை, அது வேறு வேலைக்கான இடம்.

நட்புக் கணக்கில் தங்கும் முகாமுக்கு நிகர் எதுவும் இல்லை. ஐந்து நாளில் விழித்திருக்கும் நேரம் எழுபது மணிக்கு மேல். தனியாக இருக்கும் நேரத்தைக் கழித்தாலும் அறுபது மணி தேறும். ஹால் சொல்லும் முதல் படியை ஒரே வாரத்தில் தாண்டிவிடலாம். சேர்ந்து ஆடுவது இன்னும் வேகம் கூட்டும். பிரேசிலின் மராஜோ தீவில் பள்ளி மாணவர்களை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஒரே தாளத்தில் ஒரே அசைவாக ஆடியவர்கள் தங்கள் குழுவோடு அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். வலியைத் தாங்கும் அளவும் கூடியிருந்தது. வியர்க்க ஆடுவது தனியாகவும், ஒத்து ஆடுவது தனியாகவும் பலன் தந்தன.

முகாமில்தான் முழுமையாகச் செய்ய முடிகிற ஒரு பயிற்சி இருக்கிறது. பிரவுன் பேப்பர் ரோலை ஆள் உயரத்துக்கு வெட்டித் தரையில் விரிப்பார்கள். ஒருவர் அதன் மேல் மல்லாந்து படுப்பார். கூட்டாளி சாக்பீஸால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுத்து வருவார். சாக்பீஸ் காதோரம் வரும்போது உரசும் சத்தம் தலைக்குள் கேட்கும். அக்குளுக்குக் கிட்டே வந்ததும் கோடு இழுப்பவர் கை தயங்கும். "இங்கே தூரமா இழுக்கட்டுமா?" என்பார். படுத்திருப்பவர் கண்ணை மூடியபடி தலையசைப்பார். எழுந்து பார்த்தால் தன் அளவில் ஒரு வெற்று உருவம். அடுத்த இரண்டு நாள் அதை வண்ணத்தால் நிரப்புவதுதான் வேலை. வலிக்கும் முட்டிக்கு ஒருவர் சிவப்பு அப்புவார், சிசேரியன் தழும்பு இருக்கும் இடத்தில் இன்னொருவர் கொடி வரைவார். முதல் நாளே இதைச் செய்யச் சொன்னால் யாரும் படுக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் தானாகப் படுப்பார்கள். வாரம் இரண்டு மணி நேர வகுப்பில் இந்த இடத்துக்கு வந்துசேர மாதக்கணக்காகும்.

சரி, சிக்கல்கள். முதலாவது, கடைசி நாள். நான் கலந்துகொண்ட ஒரு முகாமில் நான்கு நாளும் யாரும் யாரையும் எடை போடவில்லை, அவ்வளவு நிம்மதி. ஐந்தாம் நாள் மாலை எல்லாப் படத்தையும் கயிற்றில் மாட்டி, ஆளுக்கு மூன்று நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த படத்தில் ஒட்டச் சொன்னார்கள். ஒரு அக்காவின் தாளில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அவர் சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டிப் பையில் வைத்தார். அடுத்த முறை கூப்பிட்டபோது வரவில்லை. நான்கு நாள் உழைப்பு அந்தப் பத்து நிமிடத்தில் போய்விட்டது. எனக்கு இன்றும் அதில் கோபம் இருக்கிறது.

அதனால் பணம் கட்டும் முன் போனில் இவற்றைக் கேட்டுவிடுங்கள். கடைசி நாள் என்ன நடக்கும், கண்காட்சி உண்டா? போட்டோ, வீடியோ எடுப்பார்களா, எடுத்தால் எங்கே போடுவார்கள்? எத்தனை பேர், நடத்துபவர் எத்தனை பேர்? ஒரு பயிற்சி பிடிக்கவில்லை என்றால் ஓரமாக உட்காரலாமா? தொட்டு ஆடும் பயிற்சிகள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 1972-ல் ஸ்டீவ் பேக்ஸ்டன் தொடங்கிய காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் போன்ற முறைகளில் ஒருவர் எடையை இன்னொருவர் உடம்பில் சாய்த்துதான் ஆடுவார்கள். அருமையான முறைதான். ஆனால் ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் முன்னறிவிப்பில்லாமல் அதில் போய் நின்றால் பாதிப் பேருக்கு உடம்பு இறுகிவிடும். நல்ல நடத்துநர் முதல் நாளே "வேண்டாம் என்று சொல்லப் பழகுவோம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள்: விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் மூன்று பேர் பகிரும் அறைக்கு. தனி அறைக்குக் கூடுதல். ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா என்று கேட்க வேண்டும். முன்பணம் திரும்பாது என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. அலுவலகத்தில் மூன்று, நான்கு நாள் லீவு போகும். வீட்டில் வயதான மாமியாரையோ சின்னப் பிள்ளையையோ பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும். இதில் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. "கோயிலுக்குப் போறேன்" என்றால் வீட்டில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. "அஞ்சு நாள் வரையப் போறேன்" என்றால் "எதுக்கு?" என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "எனக்காக" என்ற பதிலே போதும், அதைச் சொல்லக் கொஞ்சம் பழக வேண்டியிருக்கும்.

இன்னொரு மறைசெலவு மனசு சம்பந்தப்பட்டது. மூன்றாம் நாள் வாக்கில் யாராவது அழுவார்கள். அது இயல்பு. ஆனால் அண்மையில் சாவோ பிரிவோ பார்த்தவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள், போகும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நடத்துபவர் மனநலப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் "இங்கே உங்கள் காயம் ஆறிவிடும்" என்று அவர் வாக்குக் கொடுக்கக் கூடாது. வீடு திரும்பியபின் கலக்கம் நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

யாருக்குப் பொருந்தும்? ஊரில் இந்த ஆசையைப் பகிர ஆளே இல்லாதவருக்கு. புது ஊருக்கு மாறிப்போய் நட்பு வட்டம் கலைந்தவருக்கு. வீட்டில் இருக்கும்வரை குக்கர் விசிலும் காலிங் பெல்லும் விடாதவருக்கு.

## வாராந்திர வகுப்பு

பளபளப்பு குறைந்த வழி. இருந்தும் பெரும்பாலானவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம், இதன் பலன் வாழ்க்கைக்கு உள்ளேயே நடக்கிறது. அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வந்த ஓர் ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் தங்களுக்குப் பிடித்தபடி வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், படம் வெட்டி ஒட்டினார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் அளவு குறைந்திருந்தது. முன்னால் ஓவியம் பழகியிருந்தார்களா இல்லையா என்பது அதில் வித்தியாசம் காட்டவில்லை. சின்ன ஆய்வுதான், அதற்கு மேல் அதில் ஏற்ற வேண்டாம். முக்கால் மணி நேரமே ஏதோ செய்கிறது என்றால் வாரம் இரண்டு மணி நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

நட்புக் கணக்கு இங்கே மெதுவாக ஓடும். வாரம் இரண்டு மணி என்றால் 50 மணிக்கு 25 வாரம், கிட்டத்தட்ட ஆறு மாதம். 90 மணிக்கு ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பாதி நேரம் எல்லாரும் குனிந்து வரைந்துகொண்டிருப்பார்கள். எனவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது முடிந்தபின் டீ குடிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையாகவே சொல்கிறேன். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் ஆட்டோ பிடித்து ஓடும் இடத்தில் நட்பு முளைக்காது. பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் நிற்கும் குழு ஒரு வருடத்தில் குடும்பமாகிவிடும்.

இதில் இருக்கும் பெரிய ஆபத்து, பெரும்பாலான வகுப்புகள் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் என்பது. தஞ்சாவூர் ஓவியம், பென்சில் ஷேடிங், போர்ட்ரெய்ட் என்று படிப்படியாகப் போகும், ஆசிரியர் திருத்துவார், வருட முடிவில் கண்காட்சியும் சான்றிதழும் இருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை, தொழில் கற்க அதுதான் வழி. நீங்கள் தேடுவது அது இல்லை என்றால் சேரும் முன் ஒரு வகுப்பைப் பார்வையிடக் கேளுங்கள். ஆசிரியர் மாணவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கித் தானே திருத்துகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். திருத்தினால் அது வேறு வகை வகுப்பு. ஆட்டமும் சேர்ந்த வகுப்பு சிறு நகரங்களில் கிடைப்பது அபூர்வம். வரையும் வகுப்பில் சேர்ந்து, முதல் கால் மணி நேரம் எல்லாரும் எழுந்து பாட்டுக்கு அசையலாமா என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை ஆசிரியர்கள் நினைத்ததைவிட எளிதாகச் சம்மதிக்கிறார்கள்.

சேர்வதற்கு முன்னால் ஆசையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால், சென்னையில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்கு ஒரு நாள் போய் வரலாம். தென்னிந்தியக் கைவினையையும் பழைய வீடுகளையும் காட்டும், 1996-ல் திறந்த இடம், செவ்வாய் விடுமுறை. கைவினைக் கலைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அந்த ஒரு நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கை அரிக்கிறதா என்று பாருங்கள்.

செலவில் மறைந்திருப்பது வராமல் போகும் வாரங்கள்தான். மூன்று மாதக் கட்டணத்தை முன்னால் கட்டுவோம். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைக்குப் பரீட்சை, நமக்குச் சளி என்று பாதிக்குப் பாதி போகாமல் விடுவோம். ஒரு வகுப்பின் உண்மையான விலை, கட்டிய பணத்தைப் போன நாட்களால் வகுத்தால் வருவது. சில சமயம் அது முகாமைவிட அதிகமாகிவிடும்.

முட்டிவலி, முதுகுவலி உள்ளவர்களுக்கு, சர்க்கரைக்கு மருந்தும் நேரத்துக்குச் சாப்பாடும் தவறக் கூடாதவர்களுக்கு, லீவு கிடைக்காத வேலைக்காரர்களுக்கு இதுதான் வழி. வீட்டை விட்டு இரவு தங்க முடியாதவர்களுக்கும்தான்.

## நாமே எடுக்கும் வீடு

ஆறேழு பேர் சேர்ந்து வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை ஒரு வீடு. கேட்கவே ஆசையாக இருக்கும், நன்றாக நடந்தால் மூன்றிலும் இதுதான் இனிமையானது. நடக்காமல் போவதற்கும் வாய்ப்பு அதிகம்.

நண்பர்கள் கூடித் தாங்களே இடம் அமைத்துக்கொள்வதற்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அந்தப் பணத்தில் வாழ்ந்தார்கள். ஓவியத்தை விற்பனைக்காக வளைக்காமல் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் கண்டுபிடித்த வழி அது. நாம் எடுப்பது இரண்டு நாள் வீடுதான். இருந்தாலும் சாப்பாட்டு வேலையை யார் பார்ப்பது என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளும் பாடம் நமக்கும் பொருந்தும்.

ஏனென்றால் இந்த வழியைக் கெடுப்பது சமையலறைதான். "நாமளே சமைச்சுக்கலாம், ஜாலியா இருக்கும்" என்று தொடங்கும். சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்த்தால் இரண்டு பேர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் வரைந்துகொண்டிருப்பார்கள். எப்போதும் அதே இரண்டு பேர். உள்ளூர் மெஸ்ஸில் மூன்று வேளைக்கும் சொல்லிவிடுங்கள், அல்லது சமைக்க ஓர் அம்மாவைச் சம்பளம் பேசி வையுங்கள். வாடகைக்கு அடுத்து இதற்குத்தான் பணம் போக வேண்டும். காபி மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆபத்து, நன்றாக வரையும் தோழி. குழுவில் ஒருவருக்காவது கை வரும். அவர் ஒன்றும் செய்யாமலே எல்லாரும் அவர் தாளைப் பார்ப்பார்கள். "நீ சொல்லிக்கொடு" என்பார்கள். அவருக்கும் அது பாரம். இதற்குச் சாமான் வாங்கும்போதே தீர்வு உண்டு. மெல்லிய பிரஷ் வாங்காதீர்கள். பெயிண்ட் கடையில் சுவருக்கு அடிக்கும் ஒரு இன்ச் பிரஷ் வாங்குங்கள். அதில் யாராலும் கண் இமை வரைய முடியாது. பெரிய பாட்டில் போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஐந்தும் போதும். கலக்க கொட்டாங்கச்சி, துடைக்கப் பழைய வேட்டி, வரைய பிரவுன் பேப்பர் ரோல், ஒட்ட மாஸ்க்கிங் டேப். இரண்டிரண்டு பேராக ஒரே தாளில், பேசாமல், இருபது நிமிடம் வரையுங்கள். யாருடைய கோடு எது என்றே தெரியாமல் போனபின் யாரை யாரோடு ஒப்பிடுவது?

ஆட்டத்துக்கு நடத்துநர் இல்லையே என்று கவலை வேண்டாம். கும்மி இருக்கிறது. வட்டம், கைதட்டு, பாட்டு. பார்வையாளர் என்று யாரும் தேவையில்லை, எல்லாரும் உள்ளேதான். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவார்கள், அந்த அடி கொடுக்கும் முறையும் சுற்றி வரும். தாளம் தப்பினால் அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம். போட்டியில்லாத ஆட்டத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, நம் பாட்டிகள் கையில் இருந்ததுதான். கோலாட்டம் கொஞ்சம் ஒத்திகை கேட்கும். ஒயிலாட்டத்துக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். கும்மிக்கு ஒரு முற்றமோ மொட்டை மாடியோ போதும். பாதி மணி நேரம் கும்மியடித்துவிட்டு, மூச்சு வாங்க, வியர்வையோடு நேராகத் தாளுக்குப் போங்கள்.

மூன்றாவது, பழைய மனத்தாங்கல். பல வருட நட்பில் சொல்லாமல் விட்ட பேச்சு நிறைய இருக்கும். புதியவர்கள் கூடும் முகாமில் நீங்கள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே நீங்கள் "எப்பவும் லேட்டா வர்றவ", "எல்லாத்துக்கும் அழறவ" என்று முன்னாலேயே பெயர் வாங்கியவர். அதனால் ஒருவருக்கு ஒருவர் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்ற ஸ்டெர்னின் விதி இங்கேதான் மிகவும் அவசியம். நேரம் பார்க்க ஒவ்வொரு வேளைக்கும் ஒருவரை மாற்றி மாற்றி வையுங்கள். யாரும் பார்க்காவிட்டால் டீ பதினொன்றுக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியும், வரைவது நடக்காது.

வீட்டுக்காரரிடம் வண்ணம் தீட்டப்போவதைச் சொல்லிவிட்டு எடுங்கள். மொசைக் தரையில் போஸ்டர் கலர் ஈரத்துணியில் போய்விடும், வெள்ளைச் சுவரில் போகாது, முன்பணத்தில் கைவைப்பார்கள். மலைப்பக்கம் போவதானால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருப்பதை நினைவில் வையுங்கள். யாராவது ஒருவருடைய பூர்வீக வீடு, திண்ணையும் முற்றமுமாக, சும்மா பூட்டிக் கிடக்கிறது என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு நாள் முன்னால் போய்த் தண்ணீர் மோட்டாரும் கழிப்பறையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே நட்பு இருக்கிறது, சேர்ந்து செய்ய ஒன்றுதான் இல்லை என்பவர்களுக்கு இது. நட்பே வேண்டும் என்று தேடுபவருக்கு இது பயன்படாது.

## ஒரே பார்வையில்

| | தங்கும் முகாம் | வாராந்திர வகுப்பு | நாமே எடுக்கும் வீடு |
|---|---|---|---|
| சேர்ந்திருக்கும் நேரம் | ஐந்து நாளில் சுமார் 60 மணி | 50 மணிக்கு ஆறு மாதம் | வார இறுதியில் சுமார் 30 மணி |
| புது நட்பு | வேகமாக வரும் | மெதுவாக வரும், நிலைக்கும் | வராது, பழையது ஆழமாகும் |
| எடை போடுதல் நுழையும் வழி | கடைசி நாள் கண்காட்சி, போட்டோ | ஆசிரியர் திருத்தம், சான்றிதழ் | நன்றாக வரையும் ஒருவர் |
| மறைசெலவு | லீவு, தனி அறை, திரும்பாத முன்பணம் | போகாமல் விட்ட வாரங்கள் | சாப்பாடு, கறை, பழைய மனத்தாங்கல் |
| மனக்கலக்கம் வந்தால் | நடத்துநர் பயிற்சி பெற்றவரா என்பதைப் பொறுத்தது | வீட்டுக்குப் போய்விடலாம் | பார்த்துக்கொள்ள நண்பர்கள்தான் |
| அடுத்த மாதம் | தொடர்பு குறையும் | அப்படியே தொடரும் | அடுத்த சந்திப்பை யாராவது குறித்தால் உண்டு |

அட்டவணையின் கடைசி வரிசைதான் பலருக்கு ஏமாற்றம் தருகிறது. முகாமிலிருந்து வந்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு நாற்பது செய்தி. இரண்டாம் மாதம் பொங்கல் வாழ்த்து மட்டும். ஒருவர் கோவை, ஒருவர் பெங்களூரு, ஒருவர் திருநெல்வேலி என்று சிதறிவிட்டால் அறுபது மணி நேரத்துக்கு மேல் அறுபத்தோராவது மணி எங்கிருந்து வரும்? எனவே முகாமைத் தேர்ந்தெடுப்பவர்கள் உங்கள் ஊரிலிருந்தே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நெருங்கிய தோழியாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் அறிமுகம் போதும். திரும்பி வந்ததும் மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டு மாடியில் தாள் விரிக்கலாம்.

கையில் ஒரு வருடம் இருக்கிறது, அவசரமில்லை என்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் வகுப்பு, ஆறு மாதம். அதில் ஒத்துப்போகும் நாலு பேர் கிடைத்தால் அவர்களோடு ஒரு வார இறுதி வீடு. அதற்கு அப்புறம் ஆசை மிச்சம் இருந்தால் முகாம். மனசு மிகவும் களைத்து, வீட்டுச் சூழலிலிருந்து விலகினால்தான் மூச்சே வரும் என்ற நிலையில் இருப்பவர் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி முகாமிலிருந்து தொடங்கலாம்.

மாதத்தையும் பார்த்து வையுங்கள். தை முதல் பங்குனி முதல் பாதி வரை கடற்கரைப் பக்கம் இதமாக இருக்கும், வண்ணமும் அளவாகக் காயும். சித்திரை, வைகாசியில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும், பதினொரு மணிக்கு மேல் வெளியில் ஆட முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அந்த மாதங்களில் கடற்கரை முகாமுக்கு முன்பணம் கட்டுவதானால், புயல் எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அந்த மழைக்காலத்தை ஊர் வகுப்பிலேயே கழித்துவிட்டு, தை பிறந்ததும் தேதி குறிக்கலாம்.